சளி டப்பாவை நீட்டிவிட்டால் பரிசோதனை முடிந்துவிடாது

ஆரம்ப சுகாதாரச் சேவையை நடத்தும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

காசநோய்ப் பரிசோதனைக்கு நாங்கள் அனுப்பும் சளி மாதிரிகள் இந்த மாதமும் குறைவு என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். எண்ணிக்கையைக் கூட்டச் சொல்கிறீர்கள். கூட்டிவிடலாம். ஆனால் அந்த டப்பாக்களுக்குள் இருப்பது சளியா எச்சிலா என்று அந்தச் சுற்றறிக்கை ஒரு வரிகூடக் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் அழைத்து வந்த ஒரு பெண்ணுக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருமல், மாலையானால் காய்ச்சல், உடுப்பெல்லாம் தொளதொளக்கும் அளவுக்கு இளைப்பு. சுகாதார நிலையத்தில் கையில் டப்பாவைக் கொடுத்து, "துப்பிக் கொண்டு வாங்க" என்றார்கள். எங்கே போய்த் துப்புவது, எப்படித் துப்புவது, எதுவும் சொல்லவில்லை. மருந்துக்கு நிற்கும் வரிசை பார்த்திருக்க, ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காறித் துப்புவாரா? அவர் சுவர்ப் பக்கம் திரும்பி, சத்தம் வராமல் எச்சிலைத் துப்பிக் கொடுத்தார். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, கிருமி இல்லை என்று எழுதி, இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். பல மாதங்கள் கழித்து வேறோர் இடத்தில் நோய் உறுதியானபோது, அவருடைய சின்ன மகளுக்கும் நோய் வந்திருந்தது. "இல்லைன்னு எழுதிக் கொடுத்தாங்களே, அதை நம்பித்தானே புள்ளைய பக்கத்துல படுக்க வச்சேன்" என்று என்னிடம் கேட்டார். நான் என்ன பதில் சொல்வது?

முறையாகச் சொல்லிக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். வாயைக் கொப்பளிக்க வேண்டும், மூச்சை ஆழமாக இரண்டு மூன்று முறை இழுத்துவிட வேண்டும், நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். காற்றோட்டமான, மறைவான ஓர் இடம் வேண்டும். இதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைப்பவர்கள், பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வைப் பார்க்கலாம். சளி எடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்த பெண்களில் 13 சதவீதம் பேருக்குக் கிருமி தென்பட்டது. சொல்லிக் கொடுக்காதவர்களில் 8 சதவீதம்தான். புதிய கருவி எதையும் வாங்காமல் கிடைத்த பலன் அது.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: சளியை முறையாக வாங்குங்கள், வாங்கியதை, கிருமியின் மரபணுவைத் தேடிக் கண்டுபிடிக்கும் மூலக்கூறு பரிசோதனைக்கு நீங்களே அனுப்புங்கள்.

நுண்ணோக்கியின் எல்லை உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு மில்லி லிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அதில் தென்படும். மூலக்கூறு பரிசோதனை செய்யும் ஜீன் எக்ஸ்பர்ட் கருவிக்கு நூற்றுச் சொச்சம் போதும்; இரண்டு மணி நேரத்தில் முடிவு தரும், காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதையும் சொல்லும். உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது 2010-இல். இருந்தும் 2023-இல் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் பாதிப் பேருக்குக்கூட விரைவு மூலக்கூறு பரிசோதனை முதல் பரிசோதனையாகக் கிடைக்கவில்லை. கருவி தொலைவில் இருக்கிறது என்பீர்கள். தொலைவில் இருக்கட்டும். சளி பயணம் போகட்டும், நோயாளி ஏன் போக வேண்டும்? ஒருநாள் கூலியை இழந்து, பேருந்தில் இருமிக்கொண்டே போய், "நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்புகிறவர் மறுநாள் வருவதில்லை. அவரைத்தான் நம் பதிவேட்டில் "தொடர்பில் இல்லை" என்று எழுதுகிறோம். நம்மால் விடுபட்டவர் மேல் பழியைப் போட்டு எழுதும் வாசகம் அது. கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

சொல்ல இன்னும் இருக்கிறது. இருமலே இல்லாமல் நோயோடு இருப்பவர்களை எக்ஸ்ரே எடுக்காமல் எப்படிப் பிடிப்பது? சளி துப்பத் தெரியாத குழந்தைகளுக்கு மலத்தில் பரிசோதிக்கலாம் என்று வழிகாட்டுதல் வந்த பிறகும் ஏன் காத்திருக்கிறோம்? வீடு வீடாகப் போகும் எங்களுக்கு நல்ல முகக்கவசம் கேட்டால் ஏன் பதில் வருவதில்லை? இவற்றைத் தனியாக எழுதுகிறேன்.

இப்போதைக்கு, அடுத்த சுற்றறிக்கையில் மாதிரிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மூன்று கேள்விகளைச் சேருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எத்தனை பேருக்கு முறையைச் சொல்லிக் கொடுத்து வாங்கினீர்கள்? எத்தனை மாதிரிகள் மூலக்கூறு பரிசோதனைக்குப் போயின? முடிவு எத்தனை நாளில் நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது? பதில்களை எங்களோடும் பகிருங்கள்.

இப்படிக்கு,
ஒரு களப்பணியாளர்