26-ம் எண் காரில் அஸ்காரி பிழைத்துக்கொண்டார்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் பந்தயக் கார் எண்களின் ராசி பற்றி வந்த துணுக்கைப் படித்தேன். 26, 17 இரண்டுக்கும் கூட்டு எண் 8, அதனால்தான் அவற்றை ஓட்டியவர்களுக்குச் சாவு என்று எழுதியிருந்தார்கள். நான் கோவையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன். கூட்டினால் 8 வருகிறது என்று புது வண்டியை டெலிவரி எடுக்கவே வராமல் இருந்த ஆட்களைத் தெரியும். இந்த மாதிரித் துணுக்கு அவர்கள் கையில் கிடைத்தால் அவ்வளவுதான்.

இத்தாலியப் பந்தய வீரர் ஆல்பர்ட்டோ அஸ்காரி கதை பாதிதான் வந்திருக்கிறது. 1955 மே 22-ல் மொனாக்கோ பந்தயத்தில் 26-ம் எண் லான்சியா காரோடு அவர் கடலுக்குள் பாய்ந்தது உண்மை. ஆனால் மூக்கில் அடியோடு தப்பிவிட்டாரே! நான்கு நாள் கழித்து இத்தாலியின் மோன்ஸாவில், நண்பருடைய ஃபெராரியைச் சும்மா ஓட்டிப் பார்க்கப் போய்த்தான் இறந்தார். அன்று தேதி 26. அவருடைய அப்பா அந்தோனியோ 1925-ல் பிரான்ஸில் பந்தயத்தில் இறந்ததும் ஜூலை 26-ல். இருவருக்கும் வயது 36. இது யாரையும் வாய் பிளக்க வைக்கும், ஒத்துக்கொள்கிறேன். பந்தய வீரர் ஜூல் பியாங்கி 2014-ல் 17-ம் எண் காரில் அடிபட்டு, மறு வருடம் ஜூலை 17-ல் இறந்ததும் அப்படித்தான்.

சரி, இங்கிலாந்து பந்தய வீரர் லூயிஸ் ஹாமில்டனின் 44? நாலும் நாலும் எட்டு. அப்பாவின் காரில் எஃப் 44 என்று நம்பர் பிளேட் இருந்ததால் சின்ன வயதில் கார்ட்டிங் என்ற குட்டிக் கார் பந்தயம் ஓட்டிய காலத்தில் எடுத்துக்கொண்ட எண். ஆறு உலகப் பட்டங்களை அதே எண்ணோடு வாங்கினார். சாம்பியனுக்கு 1-ம் எண் எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அப்போதும் அவர் பந்தயத்தில் 44-ஐ விடவில்லை. அவரைத் துணுக்கில் காணோம்.

எண்ணில் வேடிக்கை வேண்டுமென்றால் 27-ஐ எடுத்திருக்கலாம். ஃபெராரி அணி அதை ராசி பார்த்து வாங்கவில்லை. அப்போது சாம்பியன் ஓட்டுநரின் அணிக்கு 1, 2-ம் எண்கள். பட்டத்தை இழந்த அணிக்குப் புது சாம்பியனுடைய அணியின் பழைய எண்கள். 1980-ல் வில்லியம்ஸ் அணியின் ஆலன் ஜோன்ஸ் 27-ஐ வைத்துச் சாம்பியனானார். மறு வருடம் அந்த எண், பட்டத்தை இழந்த ஃபெராரிக்கு, கனடாக்காரர் ஜில் வில்நேவின் காருக்கு வந்தது. 1982 மே 8-ல் பெல்ஜியத்தின் ஸோல்டரில் அதே எண் காரில் அடிபட்டு அவர் இறந்தார்.

பிறகு 27-ஐ ஓட்டியவர் பாட்ரிக் தாம்பே. 1983-ல் இத்தாலியின் இமோலாவில் அவர் மூன்றாவது இடத்திலிருந்து புறப்பட வேண்டும். முந்தைய வருடம் வில்நேவ் புறப்பட்டதும் அதே மூன்றாவது இடம்தான். ரசிகர்கள் அங்கே தரையில் கனடா கொடியை வரைந்து வைத்திருந்தார்கள். தாம்பே ஜெயித்தார்.

1995 இன்னும் விசேஷம். மே 28-ல் வில்நேவின் மகன் ஜாக், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் இரண்டு சுற்று அபராதம் வாங்கியும் முதலாவதாக வந்தார். அவர் கார் எண் 27. சரியாக இரண்டு வாரத்தில், கனடாவின் மான்ட்ரியாலில் அப்பா வில்நேவின் பெயர் கொண்ட பந்தயத் தடத்தில், 27-ம் எண் ஃபெராரியில் ஜான் அலேசி வென்றார். ஷூமாக்கரின் கியர் மக்கர் செய்ததால் கிடைத்த வெற்றி அது. அலேசிக்கு அன்று 31-வது பிறந்தநாள். ஃபார்முலா ஒன் என்னும் உலகச் சாம்பியன் பந்தயத் தொடரில் அவர் வாழ்நாளில் ஜெயித்தது அந்த ஒன்றுதான். மறு வருடம் எண் கொடுக்கும் முறையே மாறி, 27 ஃபெராரியை விட்டுப் போய்விட்டது.

இரண்டும் ஏழும் ஒன்பது. அப்பாவின் உயிர் போனதும் மகனுக்குக் கோப்பை வந்ததும் அதில்தான். இது நல்ல எண்ணா, கெட்ட எண்ணா என்று துணுக்கு எழுதியவரிடம் கேட்டு அடுத்த ஞாயிறு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய டிரைவிங் ஸ்கூல்காரர்,
கோயம்புத்தூர்