மேற்கோள் எண்ணிக்கை மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணக்கொள்கை ஆய்வாளர் ஒருவரைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். அவருடைய கட்டுரைகளைப் பல்லாயிரம் பேர் மேற்கோள் காட்டியிருப்பதால், வட்டி விஷயத்தில் அவர் சொல்வதே முடிவு என்று ஒரு வரி வருகிறது. இரண்டு நாளாக அந்த வரி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான்கு பக்கத்தையும் திரும்பத் தேடினேன். அவர் எந்தத் தரவை எடுத்தார், என்ன கண்டுபிடித்தார் என்று ஒரு வரி கூட இல்லை.

மேற்கோள் என்றால் ஒப்புதல் என்று யார் சொன்னது? பொருளாதார அறிஞர் ஃபிலிப்ஸ் 1958-இல் எழுதிய கட்டுரை உங்களுக்குத் தெரியாததல்ல. பிரிட்டனில் 1861 முதல் 1957 வரை, வேலையின்மை குறைந்தபோது கூலி வேகமாக ஏறியதைக் காட்டியது அது. பின்னால் வந்தவர்கள் அதை வைத்து, விலைவாசி கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை, வேலையின்மையைக் குறைத்தே வைத்திருக்கலாம் என்று நம்பினார்கள். மக்கள் விலையேற்றத்தை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால் அது பலிக்காது என்று பொருளாதார அறிஞர்கள் ஃப்ரீட்மனும் ஃபெல்ப்ஸும் எச்சரித்தார்கள். 1970-களில் விலைவாசியும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறின. ஃபிலிப்ஸைத் தாங்கியவரும் அவர் பெயரைப் போட்டுத்தான் எழுதினார், மறுத்தவரும் அப்படித்தான். எண்ணிக்கையில் இரண்டுமே ஒன்றாகத்தான் சேரும்.

31 வருடம் பணவியல் பாடம் நடத்தியவள் நான். மைய வங்கி வட்டியை மாற்றினால், கடன் வாங்கியவருக்கு அது எப்போது வந்து சேர்கிறது என்பதுதான் என் ஆய்வு. கணினி கைக்கு எட்டாத காலம். வங்கிகளின் கடன் வட்டியை மாதவாரியாகக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் குறித்தேன். ஏற்றம் உடனே வருகிறது, இறக்கம் தாமதமாக வருகிறது என்று தெரிந்தது. அந்தக் கட்டுரைக்கு இன்றுவரை பதினொரு மேற்கோள். அதில் ஒருவர், ஏற்றமும் இறக்கமும் ஒரே வேகம் என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறார். நான்கு பேர் அடைப்புக்குறிக்குள் ஆறேழு பெயர்களோடு என் பெயரையும் கோத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நால்வரில் இருவர் கட்டுரை வெளிவந்த வருடத்தை ஒரே மாதிரி தப்பாகப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் செய்த தப்பை இன்னொருவர் அப்படியே எடுத்திருக்கிறார். என் கட்டுரையைத் திறந்து பார்த்திருந்தால் இது நடந்திருக்குமா?

பதவி உயர்வு நேர்காணலில் நான் தலைப்பைச் சொல்லி முடிக்கும் முன்பே, குழுவில் ஒருவர் "எச் இண்டெக்ஸ் எவ்வளவு?" என்றார். ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் கொண்டுவந்த கணக்கு அது. நான்கு கட்டுரைகளுக்குத் தலா நான்கு மேற்கோளாவது இருந்தால் நான்கு. எனக்கு நான்குதான். என் கட்டுரைகளின் கட்டு அவர் முன்னால் நூல் கூட அவிழ்க்காமல் கிடந்தது.

அந்த எண் விண்ணப்பப் படிவத்தில் ஏறியதும், என்னோடு வேலை பார்த்தவர்களே ஒருவர் கட்டுரையை ஒருவர் மாற்றி மாற்றி மேற்கோள் காட்ட ஆரம்பித்தார்கள். பிரிட்டனின் மைய வங்கியான இங்கிலாந்து வங்கியில் இருந்த சார்லஸ் குட்ஹார்ட் 1975-இலேயே சொன்னதுதானே இது? கட்டுப்படுத்துவதற்காக ஒரு புள்ளிவிவரத் தொடர்பைப் பிடித்து இழுத்தால், அந்தத் தொடர்பே குலைந்துபோகும் என்றார். பணப்புழக்கத்தைக் கட்டுப்படுத்துவது பற்றி அவர் சொன்னது எங்கள் துறை ஆட்களுக்கே பொருந்திப்போனதைக் கண்ணால் பார்த்தேன்.

மனதில் கிடக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் 1867 முதல் 1960 வரையிலான பணவியல் வரலாற்று நூலை மில்டன் ஃப்ரீட்மன் தனியாக எழுதியதாக முன்பு ஒருமுறை போட்டீர்கள். கூட எழுதிய அன்னா ஷ்வார்ட்ஸின் பெயர் எங்கே என்று கேட்டு எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. நூல் வந்தது 1963-இல். கொலம்பியா பல்கலைக்கழகம் ஷ்வார்ட்ஸுக்கு முனைவர் பட்டம் கொடுத்ததே அதற்கு அடுத்த வருடம்தான். 1976-இல் நோபல் ஃப்ரீட்மனுக்கு மட்டும் போனது. ஷ்வார்ட்ஸின் பெயரை நீங்களும் விட்டதுதான் எனக்கு வலித்தது.

அப்புறம், நிதிக்கொள்கை வேறு, பணக்கொள்கை வேறு என்று எத்தனை முறை எழுதுவது? அரசு வரி போடுவதும் செலவு செய்வதும் நிதிக்கொள்கை. மைய வங்கி வட்டியை ஏற்றி இறக்குவது பணக்கொள்கை. சென்ற இதழில் தலைப்பில் ஒன்று இருக்கிறது, உள்ளே இன்னொன்று. உங்கள் இதழின் பக்கங்களை வெட்டி எடுத்துப் போய் வகுப்பில் வாசித்துக் காட்டியவள் நான். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

மேற்கோள் எண்ணிக்கையைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே, அவர் எந்தக் கட்டுரையில் என்ன கண்டுபிடித்தார் என்று இரண்டு வரி சேருங்கள். சென்ற இதழில் எழுதிய அந்த ஆய்வாளருக்கும் அடுத்த இதழில் அந்த இரண்டு வரியைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியை