மாலைதீவுப் பயணத்துக்குக் கட்டிய முற்பணத்தைத் திருப்பித் தருவது சம்பந்தமாக

யாழ்ப்பாணம்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் யாழ்ப்பாணக் கிளைக்கு ஐந்து தடவையும் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு ஒரு தடவையும் ஏறி இறங்கிய பிறகு இதை எழுதுகிறேன். தொலைபேசியில் கதைத்ததற்குக் கணக்கில்லை. மரியாதையாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், பார்ப்போம்.

நானும் மனைவியும் இதுவரை கடல் தாண்டிப் போனது நயினாதீவுக்கு மட்டும். கலியாணமாகி 25 வருடம் என்று பிள்ளைகள் காசு சேர்த்துத் தந்தார்கள், மாலைதீவில் நாலு இரவு. 180,000 ரூபா முற்பணம் கட்டினோம். தந்த தாளில் மாலேயில் இறங்குவது இரவு 8.10, அங்கிருந்து கடல் விமானத்தில் ரிசோர்ட்டுக்கு என்று இருந்தது. கடல் விமானம் இருட்டினால் பறக்காதாம். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எனக்கு அது தெரியாது. தினமும் மாலைதீவு விற்கிற உங்களுக்குத் தெரியவேண்டாமா? கனடாவிலிருந்து மருமகன் சொன்னபோது, கம்பனிக்காரருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ என்று அவனோடு சண்டை பிடித்துவிட்டேன். அவன் இரண்டு கிழமை கதைக்கவில்லை.

கிளையில் போய்க் கேட்டேன். அங்கே ஒரு தம்பி, பெயர் எழுதவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒரு கையில் மீன் ரோல்ஸ், மற்றக் கையால் கீபோர்ட்டைத் தட்டிக்கொண்டு, நிமிர்ந்தும் பார்க்காமல், “அங்கிள், முதல் தடவை போறவைக்கு இதெல்லாம் விளங்காது” என்றார். 34 வருடம் படிப்பித்தவன் நான். விளங்காத பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சரி, மாற்றித் தாருங்கள் என்றேன். மாற்றினார்கள். பகல் விமானம், மாஃபுஷித் தீவில் விடுதி, மாலேயிலிருந்து அரசாங்க பெரி. நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அந்த பெரி ஓடாது! ஸ்பீட் போட் இருக்கிறதாம், அதற்கு வேறு காசு. இங்கே குறிகட்டுவானுக்குப் போகிறவன்கூட கடைசிப் போட் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுவான். நீங்கள் இதைத் தொழிலாகவே செய்கிறீர்கள்.

இன்னொன்று. ஆளுக்கு 2,500 ரூபா ‘விசா அலுவல்’ என்று எடுத்தீர்கள். மாலைதீவில் இறங்கியவுடன் 30 நாள் விசா இலவசமாகவே தருகிறார்கள். போவதற்கு முன் 96 மணித்தியாலத்துக்குள் இணையத்தில் நிரப்பவேண்டிய படிவமும் இலவசம். அப்படியென்றால் 5,000 ரூபா எதற்கு? மனைவியின் கைப்பையில் எப்போதும் ஒரு குட்டிப் பிள்ளையார் சிலை இருக்கும், கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு “பிரச்சினை இல்லை” என்றார் அதே ரோல்ஸ் தம்பி. வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுச் சுங்கம் விடாது. பிள்ளையார் அங்கே பறிபோயிருந்தால் என் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. மே மாதத்துக்குத் திகதி போட்டு ‘ஓஃபர்’ என்றீர்கள். சோளகம் வீசுகிற மாதம், அங்கே மழைக்காலம் தொடங்குகிறது. அதையும் மருமகன்தான் சொன்னான்.

கொழும்புக் கதையை மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். பாஸ்போர்ட்டோடு நேரில் வந்து கையெழுத்து வைத்தால் காசு கைக்கு வரும், திங்கட்கிழமை காலை 9 மணிக்கு வாருங்கள் என்று சொன்னதும் உங்கள் ஆட்கள்தான். ஞாயிறு இரவு பஸ்ஸில் முழங்கால் மடக்க இடமில்லாமல் இருந்து போனோம். கதவு பூட்டு. காவலாளி ஐயா பிளேன்ரீக் கோப்பையோடு வந்து, “இண்டைக்குப் போயா தானே மாத்தயா” என்றார். கண்ணாடிக்குள்ளால் உங்கள் கலண்டர் தெரிந்தது, அந்தத் திகதியில் போயா விடுமுறை என்று முழுநிலா போட்டிருந்தது. “நீங்களும் ஒருக்கால் பார்த்திருக்கலாம்” என்றாள் மனைவி. நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லவேண்டியது நீங்கள்.

முற்பணம், விசாக் காசு, பஸ், ஓட்டோ, மனைவி வாங்கிய வெயில் தொப்பி, என் முழங்காலுக்குப் பூசிய எண்ணெய், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து என் கணக்கில் ஐந்து இலட்சம். கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு, பிழைக்காது. ஆனாலும் முற்பணத்தையும் அந்த 5,000 ரூபாவையும் தந்தால் பேசாமல் விட்டுவிடுவேன். உங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கும், கெட்ட பெயர் வாங்கித் தருவது என் நோக்கமில்லை. 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து நுகர்வோர் அதிகார சபையில் முறையிடுவேன், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் இதே கடிதம் போகும்.

தொலைபேசியில் கதைப்பதென்றால் தயவுசெய்து அந்தத் தம்பியை விட்டு எடுப்பிக்கவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பற்றுச்சீட்டின் பிரதி இணைத்திருக்கிறேன். இது மூன்றாவது பிரதி, முதல் இரண்டையும் உங்கள் கிளையில் தொலைத்துவிட்டார்கள். அசல் என்னிடமே இருக்கும்.