எஸ் ஏன் ஒலிப்பதில்லை? கொழும்பின் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு தாயின் மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். ஆறாம் தரம் படிக்கும் என் மகள் போன தவணை வகுப்பில் எழுந்து, "ஸ்ரீலங்கா இஸ் அன் இஸ்லண்ட்" என்று வாசித்தாளாம். வகுப்பே சிரித்ததாம். "எஸ் சைலண்ட். நூறு தரம் எழுதிக்கொண்டு வா" என்றாராம் ரீச்சர். அன்றிரவு நாற்பதாவது வரியில் பென்சிலை வைத்துவிட்டு, "சொல்லாத எழுத்தை ஏனம்மா எழுதோணும்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. தமிழிலோ சிங்களத்திலோ பஸ் பலகையை எழுத்துக்கூட்டினால் ஊர்ப்பெயர் வந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்தையும் நம்பி வாசித்தாள்.

உண்மையில் பிழைவிட்டவர்கள் பழைய பண்டிதர்கள். பழைய ஆங்கிலத்தில், தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லில் எஸ் இருக்கவேயில்லை. லத்தீன் 'இன்சுலா'விலிருந்து வந்த 'ஐல்' என்ற சொல்லுக்கு இது உறவென்று தவறாக எண்ணி, 16ஆம் நூற்றாண்டளவில் அதைச் செருகிவிட்டார்கள். எழுத்து ஏறியது, நாக்கு மாறவில்லை.

எல்லா ஊமை எழுத்தும் இப்படி வந்ததல்ல. முழங்காலைக் குறிக்கும் 'நீ' என்ற சொல்லின் முன்னால் நிற்கும் கே ஒருகாலத்தில் ஒலித்தது. ஜேர்மன் மொழியில் இன்றும் ஒலிக்கிறது. அங்கே வளரும் அக்காவின் மகனை வட்ஸ்அப்பில் சொல்லிக்காட்டச் சொன்னேன். "க்னீ" என்றான். என் மகள் அதை மூன்று தரம் போட்டுக் கேட்டாள். இரவைக் குறிக்கும் 'நைட்' என்பதிலுள்ள ஜீ எச்சும் முன்பு தொண்டையில் உரசி ஒலித்ததுதான். 1476இல் வில்லியம் கக்ஸ்ரன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கிய பின், எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல இறுகியது. பேச்சோ மாறிக்கொண்டே போனது.

பாடத்திட்டம் முடிக்க நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். 'நீ', 'நைஃப்', 'நொக்' மூன்றையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். 'என்' எழுத்துக்கு முன்னால் சொல்லின் தொடக்கத்தில் கே வந்தால் அது ஒலிக்காது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வெள்ளவத்தையில் ரியூசன் எடுப்பவர்களிடமும் இதையே கேட்கிறேன். பிழையாக வாசிக்கும் பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரித்தால், தயவுசெய்து அந்தச் சிரிப்பை நிறுத்துங்கள்.

என் மகள் இப்போது அந்தச் சொல்லைச் சரியாக எழுதுகிறாள். வாசிக்க மட்டும் கை உயர்த்துவதில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்