கிளினிக் போட அவசரப்படும் புதிய பல் வைத்தியர்களுக்கு

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

பேராதனையில் படித்து முடித்து, மருத்துவச் சபைப் பதிவோடு திருமலைக்கு வருகிறீர்கள். வீட்டில் முதல் கேள்வியே "எப்ப கிளினிக் போடுறாய்?" என்றுதான் இருக்கும், டொக்யார்ட் வீதிப் பக்கம் மாமா ஒருவர் அறையும் பார்த்து வைத்திருப்பார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

கதிரை, கொம்ப்ரசர், எக்ஸ்ரே, ஓட்டோகிளேவ் எல்லாம் கடனில்தான் வரும். மாதத் தவணை கழுத்தைப் பிடிக்கும்போது, அடைத்தாலே போதும் என்ற பல்லுக்கு கிரவுன் (பல்லை மூடும் உறை) போடலாமோ என்று மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கும், நல்ல பிள்ளைகளுக்கும் இது வரும்.

அரச நியமனப் பட்டியலில் கிண்ணியா, மூதூர், புல்மோட்டை என்று இருந்தால் முகம் சுளிக்காமல் எடுங்கள். சேவை, தியாகம் என்றெல்லாம் சொல்ல வரவில்லை, உங்கள் கைக்குத்தான் லாபம். சீனி வருத்தமும் பிறஷரும் உள்ள ஆளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கும்போது வேர் உடைந்து உள்ளே நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது நெரிசலான கிளினிக்கில்தான் படியும்.

அதைவிடப் பெரிய விஷயம் வெற்றிலை. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான், புகையிலை போடாத வெறும் பாக்கும் அதற்குக் காரணமாகும். பல்வலி என்று வந்து உட்காருவார், "கொஞ்ச நாளாக் கறி உறைக்குது" என்று போகிற போக்கில் சொல்வார். வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல்கூட நுழையாது, கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, தடவினால் நார் நாராகத் தட்டுப்படும், புற்றுநோயாக மாறக்கூடிய நிலை அது. பல்லை மட்டும் பிடுங்கி அனுப்பினால் அந்த மனிதர் அடுத்த முறை போவது மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக இருக்கலாம்.

நியமனம் பிந்தினால் தனியாரிடம் போங்கள், அதில் பிழை இல்லை. சம்பளமா கமிஷனா என்பதற்கு முதல், நான் செய்கிற வேலையை மூத்தவர் யாராவது வந்து பார்ப்பாரா என்று கேளுங்கள். மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

வெளிநாடு போகிறவர்களும் போங்கள், சரி. லண்டன், அவுஸ்திரேலியா இரண்டிலும் எழுத்துப் பரீட்சைக்குப் பிறகு கைவேலையையும் சோதிப்பார்கள், ஒரு வருடம் கதிரைப் பக்கமே போகாமல் புத்தகத்தோடு இருந்துவிட்டுப் போனால் அங்கேதான் தடுமாறுவீர்கள். சொந்தக் கிளினிக் எங்கேயும் ஓடிவிடாது. அரச வேலையில் இருந்துகொண்டே கடமை நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்கவும் அனுமதி இருக்கிறது. மாமாவிடம் அந்த அறையை வேறு யாருக்காவது வாடகைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
திருமலையில் இருந்து ஒரு பழைய பல் வைத்தியர்