சிடிஐ மேல் பழி போடாதே, மாப்ள

அன்பு மாப்ள,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே எல்லோரும் நலம், மாடி ஒழுகல் மட்டும் அப்படியே. பட்டாளம் ரிட்டயர் ஆகிவிட்டான். காலை 5 மணிக்கு போன் அடிக்கும் பழக்கம் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. உன் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் சூடானதும் நின்றுவிடுகிறது, மெக்கானிக் "சிடிஐ போச்சு", அதாவது பிளக்குக்குப் பொறி அனுப்பும் பெட்டி போச்சு என்று தீர்ப்பு எழுதிவிட்டான், நீயும் ஜப்பான் சிடிஐ கேட்டு ஊர் ஊராகப் போன் அடிக்கிறாய் என்றெல்லாம் அவன்தான் சொன்னான். அதைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை. வாங்காதே. இதைப் படித்து முடிக்கும்வரை பர்ஸைத் திறக்காதே.

சிடிஐ கெடாது என்று சொல்லவில்லை, கெடும். ஆனால் நம் ஊரில் கழற்றி வீசப்படும் சிடிஐகளில் பாதிக்கு மேல் உயிரோடுதான் இருக்கும் என்பது என் கட்சி. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாததால் யாருக்கும் பிடிபடாத கோளாறெல்லாம் அதன் தலையில் விழுகிறது. இன்ஜினோடு சேர்ந்து மேக்னட் (காந்தச் சக்கரம்) சுற்றும்போது அதற்குள்ளே இருக்கும் சோர்ஸ் காயிலில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஏசி கரண்ட் பிறக்கிறது. சிடிஐக்குள் ஒரு டயோடு அதை ஒருபக்கமாக்கி, கெபாசிட்டரில் சேர்த்து வைக்கிறது. பிஸ்டன் சரியான இடத்துக்கு வரும்போது பல்ஸர் காயில் ஒரு சின்னத் துடிப்பு அனுப்பும். அந்தத் துடிப்பில் எஸ்சிஆர் என்ற மின் கதவு திறந்து, சேர்ந்திருந்த கரண்ட் முழுவதும் வோல்டேஜை ஏற்றும் ஹெச்.டி. (ஹை டென்ஷன்) காயிலுக்குள் ஒரே மூச்சில் பாயும். அங்கிருந்து பல ஆயிரம் வோல்ட்டாகப் பிளக்குக்கு. இதில் பேட்டரிக்கு வேலையே இல்லை. பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் ஆர்எக்ஸ் கிளம்பும். "முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்க" என்று எவனாவது சொன்னால் வண்டியை அங்கிருந்து தள்ளிக்கொண்டு வந்துவிடு.

சோர்ஸ் காயில், பல்ஸர் காயில், சிடிஐ, ஹெச்.டி. காயில், எர்த், சாவி லைன், பிளக் கேப் - இதில் எது செத்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: பிளக்கில் கரண்ட் இல்லை. ஏழில் கழற்ற ரொம்பச் சுலபமானது சிடிஐ. ஒயர்களைச் சேர்க்கும் ஒரு கப்ளர், ஒன்றிரண்டு ஸ்க்ரூ. அதனால் எல்லோருக்கும் அதன் மேல்தான் கண்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். தொந்தரவு எப்போதிலிருந்து? ஃபிரேமைப் பவுடர் கோட்டிங் அடித்துப் பளபளவென்று கொண்டுவந்தாயே, அதற்குப் பிறகுதானே? பவுடர் கோட்டிங் என்பது கரண்ட் கடத்தாத பிளாஸ்டிக் தோல். ஹெச்.டி. காயிலுக்கு ஆரஞ்சு ஒயர் ஒன்று வருகிறது. சுற்று முடிய வேண்டுமானால் காயிலின் இரும்புச் சட்டம் போல்ட் வழியாக ஃபிரேமின் வெள்ளை இரும்பைத் தொட்டாக வேண்டும். சிடிஐயின் கருப்பு எர்த் ஒயருக்கும் இதே கதை. சோர்ஸ், பல்ஸர் காயில்களைத் தாங்கும் பிளேட் இன்ஜினில் உட்கார்ந்திருக்கிறது, இன்ஜினோ ஃபிரேமின் பெயின்ட் அடித்த காதுகளில் தொங்குகிறது. போல்ட் மரையில் எங்கோ கொஞ்சம் தொட்டுக்கொண்டு ஓடும், சூடேறி விரிந்ததும், குழியில் குலுங்கியதும் விட்டுவிடும். வண்டி நிற்கும், ஆறினால் கிளம்பும். சிடிஐ சாகிறது என்று சத்தியம் பண்ணும் அளவுக்கு அச்சு அசலாக இருக்கும்.

ஆகவே முதல் வேலை மல்டிமீட்டர். ஓம்ஸில் வைத்து இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடி, மீட்டரின் சொந்த ஒயர் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள், அதைக் கழித்துவிடலாம். பிறகு சிடிஐயின் கருப்பு ஒயருக்கும் இன்ஜின் கேஸுக்கும் நடுவே பார். காயில் சட்டத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே பார். அரை ஓம்ஸுக்கு மேல் காட்டினால் அதுதான் எமன். போல்ட்டைக் கழற்று, காது உட்காரும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எமரி பேப்பரால் தேய். கருப்புத் தோல் உரிந்து, சாம்பல் நிறப் பொடி உதிர்ந்து, கடைசியில் வெள்ளி மாதிரி இரும்பு மின்னும்வரை தேய். ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவு, துரு வராது. அதோடு இன்ஜின் போல்ட் ஒன்றிலிருந்து காயில் போல்ட்டுக்குத் தனியாக ஒரு தடித்த எர்த் ஒயர் இழுத்துவிடு. அழகு கெடுகிறது என்று மூக்கைச் சுளிக்காதே, டேங்குக்கு அடியில் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

இரண்டாவது, சாவி லைன். யமஹாவில் கருப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர். சாவியை ஆஃப் பண்ணினால் அந்த ஒயர் எர்த் ஆகி சிடிஐயை ஊமையாக்கும். சாவி சுவிட்சுக்குள் மழைத் தண்ணீர் இறங்கினாலோ, ஹெட்லைட் டூமுக்குள் அந்த ஒயரின் தோல் உரிந்து ஹேண்டிலைத் திருப்பும்போது இரும்பில் பட்டாலோ, ஓடுகிற வண்டி அணைந்துவிடும். எவனாவது பின்னால் கில் சுவிட்ச் மாட்டியிருந்தால் அதையும் இந்தச் சந்தேகப் பட்டியலில் சேர். சோதனை சுலபம். சிடிஐ பக்கத்தில் அந்த ஒரு ஒயரை மட்டும் உருவிவிட்டுக் கிக் அடி. கரண்ட் வந்தால் சிடிஐ நிரபராதி. ஆனால் உருவிய பிறகு சாவியால் வண்டி அணையாது. பிரேக்கை மிதித்துக்கொண்டு டாப் கியரில் கிளட்சை விட்டு நிறுத்து. மறந்துபோய் ரோட்டில் எடுத்துவிடாதே.

பிளக்கில் கரண்ட் பார்க்கும் முறையும் உன் ஆளிடம் சரியில்லை என்று பட்டாளம் சொன்னான், பிளக்கைக் கழற்றிக் கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கிக் அடிக்கிறானாம். அதைத் தடு. வெளியே போக வழியில்லாத கரண்ட் காயிலுக்குள்ளேயே இன்சுலேஷனைக் கிழித்துக்கொண்டு பாயும். நல்ல காயிலும் அன்றோடு போகும். பிளக் எப்போதும் இன்ஜினைத் தொட்டபடி இருக்க வேண்டும், அதுவும் பிளக் துளைக்கு எட்டத்தில், இல்லாவிட்டால் உள்ளிருந்து சீறும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பெட்ரோலை முதலில் அடை. கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயர் முனையில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, அந்த ஒயரை இன்சுலேஷன் பிளையரில் பிடித்து இன்ஜின் ஃபின்னிலிருந்து 6 மி.மீ. தள்ளிக் காட்டு. நீலமாக, சடக்கென்ற சத்தத்தோடு தாவினால் பெட்டியும் காயிலும் சரி, கோளாறு கேப்பிலோ பிளக்கிலோ. ஆரஞ்சு நிறத்தில் நூல் மாதிரி வந்தால் அடுத்த பத்தியைப் படி.

காயில் கதை. பல்ஸர், சோர்ஸ் இரண்டையும் கப்ளரைப் பிரித்து மேக்னட் பக்கத்து ஒயர்களில் ஓம்ஸ் பார்த்து மேனுவலோடு ஒப்பிடு. மேனுவலில் இருக்கும் எண் 20 டிகிரிக்கானது. செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். உங்கள் ஊர் வெயிலில் 38 டிகிரியில் அளந்தால் 7 சதவீதம் கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காயிலைத் தூக்கிப் போடாதே. குளிர்ந்தபோது ஒருமுறை, வண்டி நின்ற அந்த நிமிஷமே சூட்டோடு ஒருமுறை, இரண்டும் அள. சூட்டில் எண் திடீரென்று பாதியானாலும், முடிவிலியானாலும் காயிலுக்குள் கம்பி பிரிகிறது அல்லது ஒட்டுகிறது. மேக்னட் கவரைக் கழற்றும்போது உள்ளே எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருக்கிறதா பார். இருந்தால் இடதுபக்க கிராங்க் ஆயில் சீல் போயிருக்கிறது. அது வழியாகக் காற்று இழுத்தால் ஆர்.பி.எம். தானாக ஏறி நிற்கும், சூடாகும், மிஸ்ஸிங் அடிக்கும். அதற்கும் சிடிஐ மேல்தான் பழி.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் பெட்டியைச் சந்தேகி. மீட்டரால் சிடிஐயைச் சோதிக்க முடியாது, பெட்டி வேலை செய்யத் தேவையான அந்த வோல்டேஜும் துடிப்பும் மீட்டரில் கிடையாது. ஓடுகிற வண்டியிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. பாய் வண்டியிலிருந்து கேள். டைனமோ விவகாரத்தை அவர் இன்னும் மறந்திருக்க மாட்டார்தான், ஆனாலும் நீ கேட்டால் தருவார். அதை மாட்டி, சூடாகும்வரை ஓட்டு. நிற்கவில்லை என்றால் உன் பெட்டி போச்சு என்று நானே கையெழுத்துப் போடுகிறேன்.

வாங்கும்போது கவனி. 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்ற வண்டி இது. "ஜப்பான், சீல் பிரிக்காதது" என்று நீட்டுவதில் எத்தனை அசல் என்று உனக்கே தெரியும். எழுத்தும் ஸ்டிக்கரும் அச்சடிக்க எவ்வளவு நேரமாகும்? கப்ளர் பொருந்திவிட்டால் வண்டிக்குப் பொருந்தும் என்று நம்பாதே. பேட்டரியில் ஓடும் டிசி சிடிஐ இதற்கு ஆகவே ஆகாது. ஏசியாகவே இருந்தாலும் வேறு வண்டியின் டைமிங், அதாவது பொறி விழும் நேரக்கணக்கு, உள்ளே இருக்கும். பில்லோடு, திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில், இந்த மாடலுக்கென்றே விற்கும் சாதாரணப் பெட்டி போதும்.

மாட்டுவது பத்து நிமிஷ வேலை. சாவி ஆஃப். கப்ளரின் பூட்டை அமுக்கி இழு, ஒயரைப் பிடித்து இழுக்காதே. பெண் பின்களுக்குள் டார்ச் அடித்துப் பார், பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் கான்டாக்ட் கிளீனர், வாய் விரிந்திருந்தால் ஊசியால் லேசாக நெருக்கு. ஆரஞ்சு காயிலுக்கு, கருப்பு எர்த்துக்கு, கருப்பு-வெள்ளை சாவிக்கு, மற்றவை மேக்னட்டிலிருந்து வருபவை. புதுப் பெட்டியில் நிறம் மாறியிருந்தால் யூகித்து மாட்டாதே, கடைக்காரனிடம் படம் கேள். ஒயர் வெட்டி ஒட்ட வேண்டி வந்தால் முறுக்கி டேப் சுற்றாதே, சால்டர் வைத்து ஸ்லீவ் போடு. பெட்டியின் ரப்பர் மவுன்ட் கட்டாயம், டூ ஸ்ட்ரோக் அதிர்வில் உள்ளே சால்டர் விட்டுப்போகும். பல்ஸர் ஒயரை ஹெச்.டி. ஒயரோடு சேர்த்துக் கட்டாதே. இனிமேல் சைடு ஸ்டாண்டு வெல்டிங் என்று எவனிடம் விட்டாலும் கப்ளரைக் கழற்றிவிட்டுக் கொடு.

இனி வரப்போவது கிண்டல் இல்லை. உன் மகன் "ரேசிங் சிடிஐ" பற்றிப் பேசுகிறானாம், பட்டாளம் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டைமிங் முன்னால் தள்ளினால் பிக்கப் கூடின மாதிரிதான் இருக்கும். உள்ளே பெட்ரோல் கலவை தப்பாக வெடித்து நாக்கிங் அடித்துப் பிஸ்டன் தலை உருகத் தொடங்கும், 98 சிசி இன்ஜினில் அது தாங்கும் அளவு ரொம்பக் கம்மி. நாலாவது கியரில் பிஸ்டன் ஜாம் ஆனால் பின் வீல் பூட்டிக்கொள்ளும், பின்னால் லாரி வந்தால் அதோடு சரி. நீ சொன்னால் கேட்க மாட்டான், இந்தப் பத்தியைக் காட்டு. டூ ஸ்ட்ரோக் ஓட்டுபவன் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல் வைத்திருக்க வேண்டும், இன்ஜின் சத்தம் திடீரென்று கம்மினால் அந்த நொடியே கிளட்சை இழுக்க வேண்டும். இதை அவன் கை பழகும்வரை வண்டியைக் கொடுக்காதே.

புதுப் பெட்டி போட்டாலும் டைமிங் லைட்டில் ஒருமுறை பார்க்காமல் விடாதே. லைட்டுக்குத் தனி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடு. மேக்னட்டில் குறி தள்ளி நின்றால் சிடிஐயைத் திட்டுமுன் மேக்னட்டைப் புல்லர் என்ற இழுப்பானால் எடுத்து, அதை நகராமல் பிடிக்கக் கிராங்கில் இருக்கும் சாவித் துண்டு வெட்டுப்பட்டிருக்கிறதா பார். சுத்தியலால் தட்டி எடுக்க விடாதே, காந்தமும் போகும் கிராங்கும் போகும். பிறகு நல்ல வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சை இழுத்து அப்படியே அணைத்து, பிளக்கைக் கழற்று. பீங்கான் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் நிம்மதி. வெள்ளையாக இருந்து அதில் வெள்ளிப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டன் அலுமினியம், அன்றைக்கே வண்டியை நிறுத்து.

முதலில் எர்த்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, சூட்டில் எடுத்த ஓம்ஸ் எண்களை ஒரு தாளில் எழுதி அனுப்பு. புல்லர் வேண்டுமானால் சொல், ஆவணியில் வாத்தியார் மகள் கல்யாணத்துக்கு அந்தப் பக்கம்தான் வருகிறேன், கொண்டுவந்து தருகிறேன். திருப்பித் தர வேண்டும், போன தடவை மாதிரி இல்லை.

உன்,
மீட்டர்