காலை வெயிலை விடாதே

அன்புள்ள மலருக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சின்ன அத்தை பேத்திக்கு ஆவணியில் காதுகுத்து.

நைட் ஷிஃப்ட்டை விட்டு எத்தனையோ மாதமாகியும், ராத்திரி மூன்று மணிக்கு நீ வாட்ஸ்அப்பில் இருப்பதாக அம்மா சொல்கிறாள். வேவு பார்க்கிறாள் என்று நினைக்காதே, அவளுக்கும் தூக்கம் வருவதில்லை. காரணம் எதையும் நான் கேட்கப்போவதில்லை. விலங்கியல் நடத்தியவன், தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு பார்வை நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்கு நேர் மேலே, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில், சுமார் 20,000 செல்கள் கொண்ட ஒரு ஜோடிக் கொத்து இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். அந்தச் செல்களுக்குள் பெர், கிரை என்ற புரதங்கள் சேர்ந்துகொண்டே வந்து, கடைசியில் தங்களை உண்டாக்கும் ஜீன்களையே நிறுத்திவிடும். அப்புறம் அந்தப் புரதங்கள் சிதைந்து குறைந்ததும் ஜீன்கள் மறுபடி வேலையைத் தொடங்கும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள். 1990இல், 20 மணி நேரச் சுற்றுள்ள ஹாம்ஸ்டர் என்ற எலிவகைப் பிராணியின் கருவிலிருந்து இந்தக் கொத்தை எடுத்து, அது அழிக்கப்பட்ட இன்னொரு ஹாம்ஸ்டருக்கு வைத்தார்கள். அதுவும் 20 மணிக் கணக்கில் ஓடத் தொடங்கியது. பதினொன்றாம் வகுப்பில் கண்காட்சிக்கு வந்த கலெக்டருக்கே நீ விளக்கிய விஷயம். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது நான் எழுத வேண்டியிருக்கிறது.

மனிதக் கடிகாரம் பெரும்பாலும் 24 மணிக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். தினமும் அதைத் திருத்துவது காலை வெளிச்சம். வெளிச்சத்தை அறியவென்றே விழித்திரையில் மெலனாப்சின் என்ற ஒளியுணரும் புரதம் உள்ள செல்கள் இருக்கின்றன, நீல ஒளிக்கு அவை நன்றாக இயங்கும். நடுராத்திரியில் போனைப் பார்த்தால் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகும். எழுந்ததும் மொட்டை மாடிக்குப் போ. ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பிடாதே, ஈரலின் கடிகாரம் சோறு வரும் நேரத்தைப் பார்த்து ஓடுவது. மாடிக்குப் போகச் சொன்னேன், மறக்காதே.

ஒன்று சொல்ல வேண்டும். நம் காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழு வௌவால்களை வைத்து ஒரு ஆய்வு செய்தது, 1981இல் வெளியானது. வெளிச்சமே எட்டாத குகைக்குள் கூண்டில் இருந்தவை, அந்திக்கு வெளியே பறந்து போய்வரும் தங்கள் கூட்டத்தின் நேரத்தையே பிடித்துக்கொண்டன. கூட்டம் இல்லாதபோது அவற்றின் பொழுது நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போனது. இதைப் படித்த அன்று எனக்கு ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது.

தீபாவளிக்கும் வரவில்லை, தாத்தா திதிக்கும் வரவில்லை. வேலை என்றாய், சரி. மாப்பிள்ளை போன் எடுத்தும் நாளாகிறது. அவரால் வர முடியாவிட்டால் நீ மட்டும் வா, இங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அத்தையிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பாண்டியனில் டிக்கெட் போட்டுவிட்டுச் சொல், காலையில் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அப்பா